விளம்பரத்துக்கும் விளம்பரத்துக்கும் ஆறு வித்தியாசங்கள்

சுமதி மேடம் இரண்டு விடைத்தாள்களை மேசைமேல் பக்கம் பக்கமாக வைத்தார். ஒன்று என்னுடையது. மற்றது ஜாக்லினுடையது. ஜன்னல் வழியாக வந்த பங்குனி வெயிலில் சிவப்பு மை நன்றாகவே தெரிந்தது.

"ரெண்டு பேரும் இங்க வாங்க. வாரப் பத்திரிகையில ரெண்டு படம் போட்டு ஆறு வித்தியாசம் கண்டுபிடிங்கன்னு கேப்பாங்கல்ல? இதுல கண்டுபிடிங்க, பார்க்கலாம்."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். எனக்கு அப்படி ஒரு வியாதி உண்டு. எதற்கென்று தெரியாமலே கூட்டத்தோடு சேர்ந்து சிரித்துவிடுவேன். ஜாக்லின் மட்டும் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் என் கையைக் கிள்ளினாள்.

இருபது மதிப்பெண் கேள்வி அது. இரண்டு தாளிலும் ஒரே தலைப்பு. இரண்டு தாளிலும் ஒரே முதல் வரி. நாங்கள் ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘பப்ளிசிட்டி என்பது விளம்பரத்தின் பிரெஞ்சுப் பெயர். ஆகவே இந்தக் கேள்வியே தவறு.’ இரண்டு தாளிலும் அதன் கீழே கொழுத்த பூஜ்யம்.

"யாரு யாரைப் பார்த்து எழுதினீங்க?"

"யாரும் பாக்கல மேடம்," என்றேன்.

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல ஒரே தப்பு தோணுச்சா? சரிங்க, நம்பறேன்." அவர் நம்பவில்லை என்பது அந்த ‘சரிங்க’விலேயே தெரிந்தது. "காப்பி அடிச்சவங்களுக்கு ரீடெஸ்ட் கிடையாது. ரீடெஸ்ட் எழுதாதவங்களுக்கு மெட்ராஸ் கிடையாது. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள ஒருத்தர் வந்து ஒத்துக்கோங்க. இல்லீனா ரெண்டு பேர் பேரையும் எடுத்துருவேன்."

மெட்ராஸ் என்றால் என்ன

இந்தத் தொடரில் எப்போது பார்த்தாலும் மைக்கைப் பிடித்து நின்ற கதையே வருகிறதே, குப்புற விழுந்த கதை ஒன்றுகூட இல்லையா என்று அரியாங்குப்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கிறது அம்மா. நூற்றுக்கு முப்பத்தொன்று வாங்கிய கதை இருக்கிறது. ஆனால் அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வருவதில்லை, குதிக்கத்தான் தோன்றுகிறது. ஏன் என்று நீங்களே பாருங்கள்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. கல்லூரியில் காட்சித் தொடர்பியல் கடைசி ஆண்டு. பல்கலைக்கழகத் தேர்வுக்கு முன்னால் கல்லூரியே நடத்தும் மாடல் தேர்வில், ஊடகவியல் தாளில் நான் வாங்கியதுதான் அந்த முப்பத்தொன்று. ஜாக்லின் முப்பத்துநான்கு.

சென்னையில் ஒரு தொலைக்காட்சி நிலையம் எங்கள் துறையிலிருந்து இரண்டு பேரை ஒரு மாதப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. செய்முறைத் தேர்வு வைத்து, கேமராவுக்கு ஜாக்லின், குரலுக்கு நான் என்று பெயரும் எழுதியாகிவிட்டது. மாடலில் தேற வேண்டும் என்பது மட்டும்தான் பாக்கி. அது ஒரு பெரிய விஷயமா என்று நினைத்திருந்தோம்.

எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டும். பாண்டிச்சேரி உப்பளத்தில் எங்கள் வீடு. அப்பா ஆலையில் நெசவுப் பிரிவில் இருந்து, ஆலை படுத்த பிறகு டெம்போ ஓட்டினார். டெம்போ என்றால் வெளியூர்க்காரர்கள் லாரி என்று நினைப்பார்கள். எங்கள் ஊரில் அது ஆளுக்கு ஆள் முட்டியை இடித்துக்கொண்டு உட்காரும் பெரிய ஆட்டோ. எங்கள் வீட்டில் மரக்காணத்துக்கு அந்தப் பக்கம் தனியாகப் போன பெண் யாரும் கிடையாது. நான் போகப்போகிறேன், அதுவும் ஒரு ஸ்டுடியோவுக்குள், கண்ணாடி அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசப்போகிறேன். கனவு அல்ல, பெயர் எழுதியாகிவிட்டது. எடுத்துவிடுவேன் என்கிறார் மேடம்.

வாருங்கள், வாருங்கள்

குரல் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. அதைச் சொல்லிவிட்டுத் திரும்புகிறேன், ஏனென்றால் கதைக்கு அது வேண்டும்.

அதற்கு முந்தின ஆடி மாதம், எங்கள் தெருவில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்த செல்வம் அண்ணன் வாசலில் வந்து நின்றார். மைக் ஆட்டோவுக்கு வழக்கமாகப் பேசிக்கொடுக்கும் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம்.

"காலேஜ்ல மைக்லதான படிக்கிற? வந்து ஒரு தபா பேசிக் குடு," என்றார்.

போய்ப் பேசிக் கொடுத்தேன். ‘வாருங்கள், வாருங்கள்! ஆடித் தள்ளுபடி, ஆடித் தள்ளுபடி!’ காந்தி வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கான விளம்பரம். இரண்டு நாள் கழித்து, நான் குழாயடியில் குடத்தோடு நிற்கும்போது, தெருமுனையில் என் குரலே என்னை நோக்கி வந்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. குடம் வழிந்து காலை நனைத்தது கூடத் தெரியவில்லை.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் திங்கட்கிழமை காத்திருந்தது. கல்லூரி வாட்ச்மேன் என்னைப் பார்த்து, "வாருங்கள், வாருங்கள்," என்றார். கேன்டீனில் டீ ஊற்றுகிறவர், "தள்ளுபடி உண்டா பாப்பா?" என்றார். ஜாக்லின் தெருவில் நான் முன்பின் பார்க்காத ஒரு பழைய பாட்டில் கடைக்காரர்கூட எழுந்து நின்று சிரித்தார். நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஊரே என் குரலைக் கேட்டுத் தானாகக் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்தேன். அந்த ஆடி மாதம் முழுக்க என் கால் தரையில் படவே இல்லை.

கேள்வியே தவறு

சரி, தேர்வு அறைக்கு வருவோம். கேள்வி இதுதான்: அட்வர்டைசிங், பப்ளிசிட்டி இரண்டுக்கும் உள்ள ஆறு வேறுபாடுகளைத் தக்க எடுத்துக்காட்டுடன் எழுதுக.

நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. ஆங்கிலத்தில் எதைக் கேட்டாலும் மனசுக்குள் தமிழில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் எழுதுவேன். போட்டுப் பார்த்தேன். ‘விளம்பரத்துக்கும் விளம்பரத்துக்கும் உள்ள ஆறு வேறுபாடுகள்’ என்று வந்தது. இன்னொரு தரம் போட்டேன். அப்படியேதான் வந்தது. நாம்தான் கடைக்காரர் கொடுப்பதையும் விளம்பரம் என்கிறோம், ‘அவனுக்கு விளம்பரம் வேணும், அதான் கத்துறான்’ என்றும் சொல்கிறோமே.

அப்போதுதான் எனக்குள் இருந்த பிரெஞ்சு மேதை விழித்துக்கொண்டாள். பாண்டிச்சேரியில் படித்தவர்களுக்குத் தெரியும், மார்க் வரும் என்று இரண்டாம் பாடமாகப் பிரெஞ்சு எடுக்கும் கூட்டத்தை. பேசத் தெரியாது, எழுதத் தெரியும். அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. ஜாக்லினோ அசல் சொல்தா வீட்டுப் பெண். அவள் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கி வந்தவர். அவர்கள் வீட்டு மாடியில் பெரிய டிஷ். நாங்கள் சேர்ந்து படித்ததே அந்த டிவி முன்னால்தான். அதில் நிகழ்ச்சி நிற்கும், சின்னதாக ஓர் இசை வரும், திரை முழுக்க ‘ப்யூப்ளிசித்தே’ என்று எழுத்து வரும், பிறகு சென்ட், சோப்பு, சீஸ் என்று விளம்பரங்கள் ஓடும்.

ஆக, ப்யூப்ளிசித்தே என்றால் விளம்பரம். ப்யூப்ளிசித்தேதான் பப்ளிசிட்டி. தமிழும் பிரெஞ்சும் ஒரே பக்கம் சாட்சி சொல்லும்போது ஆங்கிலம் தனியாக என்ன செய்துவிடும்? படிக்கும்போது ஒருநாள் ஜாக்லின், "பப்ளிசிட்டின்னா அட்வர்டைஸ்மென்ட்டோட பிரெஞ்சுப் பேருடி," என்று சொல்லி நாங்கள் சிரித்ததும் நினைவில் இருந்தது. அந்த வரியை அப்படியே தூக்கிப் போட்டு, கேள்வி கேட்டவருக்கு மூன்று பக்கத்தில் பாடம் நடத்தினேன். கடைசியில் பிரெஞ்சு வார்த்தைக்கு அடியில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் கோடு வேறு. எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்து ஜாக்லினும் அதே பாடத்தை நடத்திக்கொண்டிருக்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சைக்கிள் ஸ்டாண்டில்

வகுப்பு முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் நின்றோம். ஜாக்லின் சைக்கிள் மணியை அடித்துக்கொண்டே இருந்தாள்.

"கலை, நான் போயி ஒத்துக்கறேன்."

"இன்னான்னு?"

"உன்னப் பாத்து எழுதுனேன்னு. எனுக்கு இன்னாடி? எப்புடியும் பிரான்சு போய்டுவேன். அக்கா அங்கதான கீறா. உனுக்குதான் மெட்ராசு வேணும்."

"முன்னாடி பெஞ்சில ஒக்காந்தவ பின்னாடி பாத்து எழுதுனியா? கழுத்துல கண்ணா?"

"மேடம் அதெல்லாம் யோசிக்கவா போறாங்க?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. மேடம் சந்தேகப்பட்டபோதுகூட அப்படி வரவில்லை. இவள் தன் பெயரைத் தூக்கிக் கொடுத்து நான் சென்னைக்குப் போக வேண்டுமா? அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து என்ன பேசுவேன்? "நீ ஒத்துக்கினா நானும் போயி ஒத்துக்குவேன். ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்தோம்னு சொல்லிக்கலாம்," என்றேன்.

அவள் மணியடிப்பதை நிறுத்தினாள். பிறகு இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது தோன்றியது. எங்களுக்கு ஒரே நேரத்தில் ஒரே தப்பு தோன்றும்போது ஒரே நல்லது தோன்றாதா? மேடம் கோயம்புத்தூர்க்காரர், ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவர் வீட்டு டிவியில் அந்த எழுத்து வந்திருக்காது. அதைப் பதிவு செய்து காட்டிவிட்டால், இரண்டு பேரும் பார்த்தது ஒருவர் தாளை ஒருவர் அல்ல, ஒரே டிவியை என்று புரிந்துவிடும்.

"வீட்ல விசிஆர் கீது," என்றாள் ஜாக்லின்.

"லேப்லயும் கீது," என்றேன் நான்.

சைக்கிளை அப்படி மிதித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

ஆடு மேய்த்த சேனல்

வீட்டில் காலி கேசட் ஒன்றுகூட இல்லை. கிடைத்தது, சின்ன வயதில் மாதா கோயிலில் ஜாக்லின் முதல் முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை வீடியோ. அதன் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்லை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிவாகாது; யாரோ ஜாக்கிரதையாக உடைத்து வைத்திருந்தார்கள். அந்தப் பள்ளத்தில் செல்லோ டேப்பை ஒட்டினால் மறுபடி பதிவாகும் என்பது செய்முறை வகுப்பில் கற்ற உருப்படியான விஷயம். ஒட்டினோம். கடைசியில் மீந்திருந்த வெற்று இடத்துக்கு ஓட்டி நிறுத்தினோம்.

இனி விளம்பரம் வர வேண்டும். அவ்வளவுதான்.

வரவில்லை. ஏதோ ஒரு மலையில் ஒரு பெரியவர் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். மேய்த்தார், மேய்த்தார், மேய்த்துக்கொண்டே இருந்தார். ஆட்டுப் பாலில் சீஸ் செய்தார். ஒவ்வொரு ஆட்டுக்கும் பெயர் சொன்னார். உலகமெல்லாம் விளம்பரம் எப்போது முடியும் என்று காத்திருக்க, நாங்கள் இருவரும் விளம்பரம் எப்போது வரும் என்று விரலைப் பொத்தான்மேல் வைத்துக்கொண்டு குந்தியிருந்தோம்.

"ரெண்டு பேரும் இன்னா பண்றீங்க? என்னிய நியூஸ் பாக்க வுடுங்கம்மா," என்றார் ஜாக்லினின் அப்பா.

"பப்பா, ப்யூப்ளிசித்தே வரணும்."

"வந்தா?"

"வந்தா புடிக்கணும்."

அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "மோன் தியே," என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிட்டுவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நியூஸ் கேட்டவர் ஆட்டில் லயித்துவிட்டார். உள்ளேயிருந்து அவள் அம்மா ரொட்டியும் குழம்பும் எடுத்துப்போகக் கூப்பிட்டார். ஜாக்லின் எழுந்தாள், நான் தட்டை வாங்கக் கையை நீட்டினேன், அந்த நொடி பார்த்து இசை வந்தது. எழுத்து வந்தது. போய்விட்டது.

"தோ போய்டுச்சே," என்றார் பப்பா, எங்களைவிட வருத்தமாக.

அதற்கப்புறம் யாரும் நகரவில்லை. ரொட்டி ஆறியது. ஆட்டுக்காரர் மலையிலிருந்து இறங்கினார். யாரோ பாட்டுப் பாடினார்கள். அவள் அம்மாவும் வந்து நின்றுகொண்டார். திடீரென்று அந்த இசை. "அமுக்கு," என்று நான்கு குரலும் சேர்ந்து ஒலித்தன. அமுக்கினாள். திரை முழுக்க ‘ப்யூப்ளிசித்தே’. பிறகு ஒரு பெண் தலைமுடியை உதறினாள், ஒரு பூனை பால் குடித்தது. எல்லாம் கேசட்டுக்குள் போனது. நாங்கள் கட்டிப் பிடித்துக் குதித்தோம். ஒரு ஷாம்பு விளம்பரத்துக்காக அப்படி யாரும் குதித்திருக்க மாட்டார்கள்.

தப்பு தப்புதான்

மறுநாள் லேபில் கேசட்டைப் போட்டோம். யாரோ ஒரு புண்ணியவான் முதலிலிருந்து ஓட்டிவிட்டான். வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு, குட்டி ஜாக்லின் இரண்டு கையாலும் கேக்கை வாயில் அடைத்துக்கொண்டிருந்தாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு, "முன்னாடி ஓட்டுடி, முன்னாடி ஓட்டு," என்றாள்.

ஓட்டினேன். இசை வந்தது. எழுத்து வந்தது. ஷாம்பு வந்தது.

மேடம் டிவிக்குக் கிட்டே வந்து நின்றார். திரும்பவும் போடச் சொன்னார். இரண்டாம் தடவை பார்த்ததும் அவர் தோள் குலுங்கியது. வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

"சரிங்க, காப்பி அடிக்கல. ஒத்துக்கறேன்." நாங்கள் குதிக்கத் தயாரானோம். "ஆனா தப்பு தப்புதானுங்க. பிரான்சுல கேட்டா முழு மார்க். இங்க பூஜ்யம் பூஜ்யம்தான். வெள்ளிக்கிழமை ரீடெஸ்ட். அதே கேள்வி கேப்பேன். எடுத்துக்காட்டு இந்த ஊர்லிருந்து வரணும். ரெண்டு பேர் எடுத்துக்காட்டும் ஒண்ணா இருந்துச்சுன்னா, இந்தத் தடவ டிவி எல்லாம் பாக்க மாட்டேன்."

தள்ளு கடை

வீட்டுக்கு வந்து என் தாளை முதல் முறையாக ஒழுங்காகப் படித்தேன். அதுவரை மதிப்பெண்ணைத்தான் பார்த்திருந்தேன், எழுதியதைப் பார்க்கவில்லை. படிக்கப் படிக்கத் தெளிவாகிவிட்டது. கேட்டது ஒன்று, நான் எழுதியது எனக்குத் தெரிந்தது. வானொலியின் வரலாற்றை இரண்டு வரியில் கேட்டால் ஒரு பக்கம். ஒரு பக்கம் கேட்ட இடத்தில், நேரமில்லாமல் இரண்டு வரி. எங்கேயும் எடுத்துக்காட்டு கிடையாது. பச்சைக் கோடு மட்டும் தாராளமாக இருந்தது. அடிக்கடி ‘அனைவரும் அறிந்ததே’ என்று வேறு. மேடம் ஓரிடத்தில் பக்கத்தில் ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று எழுதியிருந்தார். வெட்கமாக இருந்தது, அதே சமயம் சந்தோஷமாகவும் இருந்தது. என் மண்டையில் களிமண் என்று பயந்திருந்தேன். அப்படியில்லை, நான் கேள்வியைப் படிப்பதில்லை, அவ்வளவுதான். அதை மாற்றிவிடலாம்.

ஆனால் அந்த ஆறு வித்தியாசம்? புத்தகத்தில் இருந்ததை மனப்பாடம் செய்தேன். விளம்பரத்துக்குக் காசு கட்ட வேண்டும், பப்ளிசிட்டிக்கு இல்லை. ஒன்றில் வார்த்தை நம் கையில், மற்றதில் இல்லை. மனப்பாடம் ஆயிற்று. புரியவில்லை.

புதன்கிழமை சாயந்திரம் அப்பாவின் டெம்போவில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தேன். பின்னாலிருந்து ஓர் அம்மாள், "தள்ளு கட கிட்ட நிறுத்துப்பா," என்றார். அப்பாவும் ஒன்றும் கேட்காமல் நிறுத்தினார்.

எனக்கு முதுகில் யாரோ தட்டியது போல் இருந்தது.

தள்ளு கடை என்று ஊரில் எந்தப் பலகையிலும் கிடையாது. அது நான் ஆடித் தள்ளுபடிக்குக் குரல் கொடுத்த அதே ஜவுளிக்கடை. அந்த ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு அவர்கள் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். கவர்னர் வந்து வடம் பிடித்துத் தேரை இழுத்துத் தொடங்கிவைப்பது பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அந்த ஊர் வழக்கம். மறுநாள் பேப்பரில் படம் வந்தது. கவர்னர் வடத்தைப் பிடித்திருக்கிறார், கூட்டம் மூச்சைப் பிடித்து இழுக்கிறது, தலைக்கு மேலே அந்த பேனர். ‘ஆடித் தள்ளுபடி’யில் ‘படி’யை ஒரு போலீஸ்காரரின் தொப்பி மறைத்துவிட்டது. எல்லோரும் இழுக்க, மேலே ‘ஆடித் தள்ளு’ என்று கொட்டை எழுத்தில் நிற்கிறது. கடைப் பெயரைத் தேரின் அலங்காரத் துணி மறைத்திருந்தது.

டீக்கடைக்கு டீக்கடை அந்தப் படத்தைக் காட்டிச் சிரித்தார்கள். எந்தக் கடை, எந்தக் கடை என்று விசாரித்தார்கள். கடைக்காரர் முதலில் முகம் சுண்டி உட்கார்ந்திருந்தாராம். கூட்டம் வரத் தொடங்கியதும் அந்தப் படத்தைக் கத்தரித்துக் கல்லாவுக்கு மேலே அவரே ஒட்டிவைத்தார். அன்றிலிருந்து அது தள்ளு கடை.

பேனர் அவர் கட்டியது. ‘தள்ளு’ ஊர் கொடுத்தது. முதலாவதற்கு அவர் காசு கொடுத்தார், என்ன எழுத வேண்டும் என்று சொன்னார். இரண்டாவதற்கு யாரும் அவரைக் கேட்கவே இல்லை. மாற்று என்றால் மாற்றவும் முடியாது. ஆடி முடிந்ததும் பேனரைக் கழற்றிவிட்டார்கள். பங்குனியிலும் டெம்போ அங்கே நிற்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று விரல் தானாக மடங்கியது. ஆறும் வந்துவிட்டது.

"அப்பா, வந்துட்ச்சிப்பா," என்று கத்தினேன்.

"இன்னாது? அதுக்குள்ளயா? நம்ம ஸ்டாப் இன்னும் வர்ல," என்றார் அப்பா.

இறங்கியதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஜாக்லின் வீட்டுக்குப் பறந்தேன். வாசல் வரை போன பிறகுதான் நினைவு வந்தது: சொல்லக்கூடாது. சொன்னால் இரண்டு தாளும் மறுபடி ஒன்றாகிவிடும். கதவைத் திறந்தவளும் என்னைப் பார்த்ததும் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

"உனுக்கும் கெடச்சிடுச்சா?"

"கெடச்சிடுச்சி. சொல்லாத."

"நீயும் சொல்லாத."

சொல்லாமல் உட்கார்ந்து ரொட்டி தின்றோம். அதுவரை அவளிடம் நான் எதையும் மறைத்ததில்லை. வயிறு வெடித்துவிடும் போல் இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்தோம்.

மறுபடியும் இரண்டு தாள்

ரீடெஸ்ட் முடிந்து, திருத்தின தாள்களைச் சுமதி மேடம் மறுபடியும் பக்கம் பக்கமாக வைத்தார். அந்த ஜவுளிக்கடையை அவளும் எழுதியிருந்தால்?

"தள்ளு கடை," என்று என் தாளைத் தூக்கிக் காட்டினார். "நானே அங்க சேலை எடுத்திருக்கேன். ஏன் இந்தப் பேருன்னு இத்தன நாளா தெரியாதுங்க." வகுப்பு சிரித்தது. இந்த முறை எதற்கென்று தெரிந்தே சிரித்தேன்.

பிறகு ஜாக்லினின் தாளை எடுத்தார். "இதை வாசிக்கறேன், எல்லாரும் கேளுங்க," என்று ஆங்கிலத்தில் இருந்ததை நிறுத்தி நிறுத்தி வாசித்தார். அது எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

‘ஆடி மாதத்தில் எங்கள் தெருவுக்கு ஒரு மைக் ஆட்டோ வந்தது. அதில் வந்த குரல் விளம்பரம். அதற்குக் கடைக்காரர் காசு கொடுத்தார். அந்தக் குரல் என் சிநேகிதி கலைவாணியுடையது. நான் ஆட்டோவின் பின்னாலேயே தெருவெல்லாம் சைக்கிளில் போய், இது என் சிநேகிதியின் குரல் என்று எல்லோரிடமும் சொன்னேன். பாட்டில் கடையில் சொன்னேன். கல்லூரி வாட்ச்மேனிடமும் கேன்டீனிலும் சொன்னேன். சொல்லும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை. இது பப்ளிசிட்டி.’

வகுப்பு திரும்பி என்னைப் பார்த்தது. என் முகம் எப்படி இருந்ததோ தெரியாது. ஊரே தானாகக் கண்டுபிடித்த என் குரல்! அத்தனை மாதம் நான் மிதந்த மிதப்பு! எல்லாம் இவள் சைக்கிள் மிதித்துச் செய்த வேலை. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விட்டேன்.

"ஒரு அரை மார்க் குறைச்சிருக்கேன்," என்றார் மேடம். "சிநேகிதி பேரையே தப்பா எழுதலாமுங்களா? கலைவாணிக்கு முதல் எழுத்து இங்கிலீஷ்ல ‘கே’ இல்லாம ‘சி’யா?"

"தப்பில்ல மேடம். அவ பர்த் சர்டிபிகேட்ல அப்புடித்தான் கீது. எங்க ஊரு பிரெஞ்சு ஸ்பெல்லிங்," என்றாள் ஜாக்லின்.

மேடம் எங்கள் இருவரையும் பார்த்தார். கேசட் எதுவும் கேட்கவில்லை. அரை மதிப்பெண்ணைத் திருப்பிப் போட்டுவிட்டார்.

வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்தேன். "நீதானாடி அது? எல்லார்கிட்டயும் நீதான் சொன்னியா?"

"பின்ன? மைக் ஆட்டோல வர்ற கொரலு யாருன்னு எவன்டி கண்டுபுடிப்பான்? லூசு."

பல்கலைக்கழகத் தேர்வு முடிந்த மறு வாரம், கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும் சென்னை பஸ்ஸில் ஏறினோம். ஜன்னல் சீட்டை எனக்கு விட்டுக்கொடுத்தாள். காலாப்பட்டு தாண்டியதும் கண்டக்டர் டிக்கெட்டுக்கு வந்து நின்றார். ஜாக்லின் பையைத் திறப்பதற்கு முன்னால் என்னைக் கைகாட்டினாள்.

"அண்ணே, போன ஆடிக்கு மைக் ஆட்டோல ‘வாருங்கள், வாருங்கள்’னு ஒரு கொரலு வந்துச்சே, கேட்டீங்களா? இவதான் அது."